மேகமலைக் காவல்காரன்

கல்லில் கிடந்த முட்டை ரொட்டியின் ஓரம் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. பாவ்ஜூ அதைப் புரட்டவில்லை. கரண்டி கையில் அப்படியே நிற்க, அவள் பார்வை சோயாப்பால் பானையில் சாய்த்து வைத்திருந்த கைபேசியை விட்டு அகலவில்லை.

"என்ன பாவ்ஜூ இது, கருகல் வாடை தெருமுனை வரைக்கும் போகுது..."

தம்ளர்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்த நாத்தனார் ஆமான் எழுந்து வந்தாள். பாவ்ஜூவின் கணவர் ஜின்தியெனுக்கு அக்கா அவள். புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்ட பிறகு தம்பி வீட்டு மாடியறைக்கு வந்து சேர்ந்தவள். வந்த நாளிலிருந்து கடையில் ஒரு தம்ளர் உடைந்தாலும் அது பாவ்ஜூவின் கைக்குற்றம் என்று சொல்லிப் பழகிவிட்டாள்.

வந்தவள் ரொட்டியைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தாள். ஐந்து உருளைகள் கிடுகிடுவென்று சுழன்றன. நரி, நாரை, விளக்கு, சமையல் பானையோடு ஒரு கிழவி என்று படங்கள் ஓடி ஓடி நின்றன. பொற்காசுகள் மழையாகக் கொட்டின. ஆமான் தலை நிமிர்ந்து பாவ்ஜூவின் முகத்தைப் பார்த்தாள். கன்னம் இரண்டும் நனைந்திருந்தன.

"தம்பி... இங்க வா. உன் பொண்டாட்டி அடுப்படியில என்ன பண்றான்னு நீயே வந்து பாரு."

சாங்ஹுவா ஊர் ரயிலடிக்குப் பின்புறத் தெருவிலிருந்த அவர்களுடைய காலைப் பலகாரக் கடையில், வேலைக்குப் போகும் கூட்டம் வரிசை கட்டி நிற்கிற நேரம் அது. ஜின்தியென் காதில் சொருகிய பென்சிலோடு உள்ளே வந்தார். கைபேசியை எடுத்தார், பார்த்தார், குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"எவ்வளவு நாளா நடக்குது?"

"ரொம்ப நாளா" என்றாள் பாவ்ஜூ.

"சரி. வரிசையில ஆள் நிக்குது. ரொட்டிய எடு."

அவர் கத்தியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

ஜின்தியெனின் கோபத்துக்கு ஒரு வேர் உண்டு. அவர் சிறுவனாக இருந்த காலத்தில் ஊரெங்கும் எண் பந்தயப் பித்து பிடித்திருந்தது. அவருடைய அப்பா ராத்திரி பகல் பாராமல் மரத்தடிச் சாமிகளிடமும் சுடுகாட்டுக் கற்களிடமும் எண் கேட்டு அலைந்தார். எண் பலிக்காத வாரங்களில் அந்தச் சாமி பொம்மைகளையே ஆற்றில் தூக்கி வீசினார். வயல் போயிற்று, பிறகு வீடு போயிற்று. கடைசியில் ஒரு நாள் அவரே போய்ச் சேர்ந்தார். அதனால்தான் கல்யாணமான புதிதில் ஜின்தியென் மனைவியை மாஜூ அம்மன் கோயிலுக்கு அழைத்துப்போய், நம் வீட்டில் சூது என்ற பேச்சே நுழையக்கூடாது என்று இருவருமாகச் சத்தியம் செய்ய வைத்தார்.

அப்படிப்பட்டவருக்குப் பிறந்த ஒரே மகள் ருவோஹான். படம் வரைவதற்கென்றே பிறந்த பெண். படிப்பு முடித்ததும் தாய்ஜுங் நகரத்தில் வேலை கிடைத்தது என்று துள்ளிக்கொண்டு வந்தாள். என்ன வேலை என்று கேட்டபோது, கைபேசியில் உருளை சுழற்றி ஆடுகிற ஸ்லாட் சூதாட்டங்களுக்குப் படம் வரைவது என்றாள்.

அந்த வருஷம்தான் ஜின்தியெனுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. மனசு கொதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "உங்க தாத்தாவைச் சாகடிச்ச சோறு எனக்கு வேண்டாம். அந்த வேலைதான் வேணும்னா இந்த வாசல மிதிக்காதே" என்று அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மகள் அம்மாவைத்தான் பார்த்தாள். பாவ்ஜூ தன் வாயாலேயே சொன்னாள். "அப்பா சொல்றதுதான் சரி. நீ கிளம்பு." வேறு எப்படி அந்த இடத்தில் அவரைக் காப்பாற்றுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் தாமாகக் கூப்பிடும்வரை மகளோடு பேசமாட்டேன், பார்க்கமாட்டேன் என்று அன்றைக்கே கணவருக்கு வாக்கும் கொடுத்தாள்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே ருவோஹான் அம்மாவின் கைபேசியை வாங்கி எதையோ அழுத்தினாள். "நான் வரையறது இதுதாம்மா. முடிஞ்சா பாரு" என்றாள். அவ்வளவுதான்.

அதுதான் 'மேகமலை மாயவனம்'. மகள் முகம் பார்க்க முடியாத வருஷங்களில் பாவ்ஜூ அதைத் தினமும் காலையில் பார்த்தாள். ஆடுவதற்கென்று தினமும் கொஞ்சம் காசு இலவசமாகத் தருவார்கள். அது தீர்ந்ததும் மூடிவிடுவாள். சொந்தக் காசு ஒன்றுகூடப் போட்டதில்லை. பரிசுச் சுற்று வந்தால் பின்னால் இருக்கிற காடு மாறும். நரியின் வால் விரிந்து ஓர் உருளையையே மூடும். புதுவருஷத்துக்கு ஒன்று, நிலாத் திருவிழாவுக்கு ஒன்று என்று புதுப்புதுப் பரிசுச் சுற்றுகள் வரும். ஒவ்வொன்றிலும் மகள் வரைந்தது எது என்று பாவ்ஜூவுக்குத் தெரிந்துவிடும். இலைகளை அப்படி வளைத்து வரைவது அவள் கை மட்டும்தான். ஒரு மழைக்காலம் முழுக்கப் புதிதாக எதுவும் வராதபோது, பிள்ளைக்கு உடம்புக்கு என்னவோ என்று பாவ்ஜூவுக்குச் சோறு இறங்கவில்லை. சில நாள் மூன்று விளக்குகள் வரிசையாக வந்து நிற்கும்போது நெஞ்சு துள்ளும். அந்தத் துள்ளலை நினைத்து வெட்கப்படுவாள். பார்த்தேயிராத மாமனாரை அந்த நேரத்தில் அவளுக்குக் கொஞ்சம் புரிந்தது போலவும் இருக்கும்.

இன்றைக்கு விளையாட்டைத் திறந்ததும் ஓர் அறிவிப்பு வந்தது. இந்த மாதக் கடைசியோடு மேகமலை மாயவனம் மூடப்படுகிறது, இத்தனை காலம் உடன்வந்த அனைவருக்கும் நன்றி. அதைப் படித்த பிறகுதான் ரொட்டி கருகியது.

மத்தியானம் கடையடைத்ததும் மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்தார்கள்.

"அம்மன் முன்னாடி ரெண்டு பேரும் சேர்ந்துதானே சத்தியம் பண்ணோம்?" என்றார் ஜின்தியென்.

"ஆமா."

"பணம் போட்டியா?"

"இல்லீங்க. சும்மா குடுக்கறத வச்சுத்தான்."

"எங்கப்பாவும் மொதல்ல இதைத்தான் சொன்னாரு" என்று ஆமான் குறுக்கே விழுந்தாள். "சும்மா ஒரு சீட்டு, சும்மா ஒரு எண்ணுன்னாரு. கடைசில நாங்க பக்கத்து வீட்டுக் கஞ்சிக்கு நின்னோம். உனக்கு அதெல்லாம் எங்க தெரியும், நீ நோகாம வந்தவ..."

"அக்கா, நீ இரு." ஜின்தியென் மனைவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பெத்த பொண்ண இந்த வாசல்லேருந்து அனுப்பினேன். எதுக்கு? இதுக்காகத்தானே. அன்னைக்கு நீயும்தானே 'கிளம்பு'ன்னு சொன்னே. அவள அனுப்பிட்டு, நீ அடுப்படியில உக்காந்து அதையே ஆடியிருக்கே. அப்போ நான் யாரு பாவ்ஜூ? எதுக்கு என் புள்ளைய இழந்தேன்?"

சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. அது உங்க பொண்ணு வரைஞ்சது என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அடுத்த நிமிஷம் அந்த விளையாட்டு அவள் கையை விட்டுப் போய்விடும். மாதம் முடிய இன்னும் கொஞ்சம் நாள்தான் இருந்தது. அந்தக் கொஞ்ச நாளையும் விட்டுக்கொடுக்க அவளால் முடியவில்லை. அவர் நெஞ்சும் ஞாபகம் வந்தது.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றாள்.

"இல்லையா?"

"இல்ல."

அவர் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். பாவ்ஜூ தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். மறுநாளைக்கு வேண்டிய சோயாவை ஊறப்போட்டாள். இரண்டு மாற்றுத்துணியைப் பையில் வைத்துக்கொண்டு ஆமான் முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, கடலோரத்துல என் தங்கச்சி ஷூயினுக்குச் சிப்பி உடைக்க ஆள் வேணுமாம். கொஞ்ச நாள் அங்க இருக்கேன். அவருக்கு ராத்திரி மாத்திரை அலமாரி மேல்தட்டுல இருக்கு. பாலை அடி பிடிக்க விடாதீங்க."

ஆமான் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என்ன நினைத்தாளோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதன் பிறகு கடையில் நடந்ததெல்லாம் டாக்ஸி ஓட்டும் ஹூங் சொல்லித்தான் பாவ்ஜூவுக்குத் தெரியவந்தது.

ஹூங் அந்தக் கடையின் நெடுநாள் வாடிக்கை. பாவ்ஜூ போன பிறகு தினமும் பால் அடிபிடித்தது. "முதலாளி, இன்னைக்குப் புகை போட்ட பாலா? தனி ருசியா இருக்கே" என்று சீண்டுகிற தைரியம் அவன் ஒருவனுக்குத்தான் இருந்தது. ஒருநாள் ரொட்டிக்குக் காத்திருக்கும்போது அவன் கைபேசியை எடுத்து ஆடத் தொடங்கினான்.

"என் கடையில அது வேண்டாம்" என்றார் ஜின்தியென்.

"கோவிச்சுக்காதீங்க முதலாளி. இத மூடப்போறாங்க, அதான் கடைசியா ரெண்டு ஆட்டம். ஆனா ஒண்ணு சொன்னா அடிக்கமாட்டீங்களே? இதுல உங்களப் போட்டிருக்காங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஹூங் திரையைத் திருப்பிக் காட்டினான். மலைவாசலில் ஒரு கல் ராட்சசன் கைகட்டி நின்றான். முன்தலை வழுக்கை, இறுகிய தாடை, தோளில் துண்டு.

"மூஞ்சிய விடுங்க. மலையாட்டம் இருக்கிற ராட்சசனுக்குக் காதுல பென்சில் எதுக்குங்க? நானும் ரொம்ப நாளா யோசிக்கிறேன்."

ஜின்தியென் குனிந்து பார்த்தார். பானையோடு ஒரு கிழவி படம் உருளையில் வந்து நின்றது. தலையில் பூப்போட்ட துணி, இடது மணிக்கட்டில் பாவ்ஜூவுக்கு இருப்பதுபோலவே பிறைவடிவில் ஒரு தீக்காயத் தழும்பு.

"இது யாரு?"

"சமையக்காரக் கிழவி. இவ வந்தா நல்லது. எந்தப் படம் குறையுதோ அதுக்குப் பதிலா இவ நின்னுப்பா."

"இந்த... காவல்காரன் என்ன பண்ணுவான்?"

"கதவத் திறப்பானாம். ஒருநாள் விடாம வருஷக்கணக்கா வந்தவங்களுக்கு மட்டும்தான் அந்தப் பரிசு. எனக்குத் திறந்ததே இல்ல. நடுநடுவுல பொண்டாட்டி கைபேசியப் பிடுங்கி வச்சுடுவா."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ஜின்தியென் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். சின்ன வயதில் ருவோஹான் கடைக் காகிதங்களின் பின்பக்கத்தில் அவரை வரைவாள். எப்போதும் காதில் பென்சிலோடுதான். பென்சிலை உடம்பின் ஓர் உறுப்பு என்றே அவள் நினைத்திருந்தாள்.

அடுப்பை அணைக்க ஓடிவந்த ஆமானும் திரையைப் பார்த்தாள். பார்த்தவள் முந்தானைபோலத் தொங்கிய சமையல் துணியை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"தம்பி... அவ உன்ன வரைஞ்சிருக்கா. நான் ஒண்ணு சொல்லணும். நீ என்ன வீட்ட விட்டு அனுப்பினாலும் சரி."

*

வாங்கோங் கடற்கரையில் அன்று காற்று பலமாக இருந்தது. தகரக் கொட்டகைக்குள் பாவ்ஜூ தங்கையோடு உட்கார்ந்து குட்டைக் கத்தியால் சிப்பிகளைத் திறந்துகொண்டிருந்தாள். ஹூங்கின் டாக்ஸி வந்து நின்றது. ஜின்தியென் இறங்கினார். ஷூயின் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாங்க மாமா. பால் அடிபிடிக்குதாமே."

அவர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு மனைவிக்கு எதிரில் உட்கார்ந்தார். ஷூயின் எழுந்து வெளியே போனாள்.

பாவ்ஜூ அடுத்த சிப்பியைக் கத்தியால் நெம்பித் திறந்தாள்.

"ஏன் சொல்லல?" என்றார் ஜின்தியென்.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "பிடுங்கியிருப்பேன்" என்றார்.

"அதான் சொல்லல."

"அக்கா முன்னாடி சூதாடின்னு பேர் வாங்கிக்கிட்டு நின்னியே..."

"பேர்தானே. எனக்கு அது பெருசா தெரியல. அவ கைய இனிமே பார்க்க முடியாதேங்கறதுதான்..." பாவ்ஜூ முடிக்கவில்லை.

அவர் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். "உனக்குக் கதவு திறந்துச்சா?"

"திறந்துச்சு. போன குளிர்காலத்துல."

"உள்ள என்ன இருக்கு?"

அவள் ஈரக்கையைத் துடைத்துக் கைபேசியை எடுத்து நீட்டினாள். "நீங்களே பாருங்க. இங்க ஒரு தரம் அழுத்தினா போதும்."

அவர் கை நீண்டது; பாதியில் நின்றது. அம்மன் முன்னால் செய்த சத்தியம் அந்த விரலைப் பிடித்துக்கொண்டது. பாவ்ஜூவுக்கு அது புரிந்தது. இத்தனை நடந்த பிறகும் அந்த நின்ற விரல்மேல் அவளுக்கு மரியாதைதான் வந்தது. கைபேசியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம். நான் சொல்றேன். கேளுங்க. ஒரு பொண்ணு, கையில தூரிகை, மழையில நனைஞ்சுக்கிட்டு மலைவாசலுக்கு வருவா. காவல்காரன் அவள ஒண்ணும் கேக்கமாட்டான். வாசக்கல்லப் புரட்டி ஓரமா வைப்பான். உள்ள சின்னதா ஒரு வீடு, ஒரு மேசை. அவன் ஒரு கிண்ணம் சூடான பால் கொண்டாந்து வச்சு, முக்காலிய இழுத்துப் போடுவான். அவ உக்காந்து குடிப்பா. அவன் பக்கத்துல நிப்பான். அவ்வளவுதாங்க. அப்புறம் காசா கொட்டும், நான் அதைப் பார்க்கறதில்ல."

ஜின்தியென் தலையைத் தூக்கவே இல்லை. பரீட்சை முடிந்து மழையில் வரும் மகளுக்கு அவர் செய்வது அதுதான். நன்றாக எழுதினாயா என்றுகூடக் கேட்டதில்லை. கிண்ணத்தை வைத்து முக்காலியை இழுத்துப் போடுவார். கேட்கத் தெரியாததால் கேட்காமல் விட்டார். அவள் அதை அன்பு என்று எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"எனக்கு அவ வேலை பிடிக்கல பாவ்ஜூ. இன்னைக்கும் பிடிக்கல."

"எனக்கும் முழுசாப் பிடிக்கலதான். அதுக்காக அவளைப் பிடிக்காமப் போயிடுமா?"

"அக்கா அவளக் கூட்டிட்டு வரப் போயிருக்கா" என்றார் அவர்.

பாவ்ஜூவின் கத்தி நின்றது. "அக்காவுக்கு அவ இருக்கிற இடம் எப்படித் தெரியும்?"

அவர் மெல்லச் சொன்னார். ஆமான் மாதாமாதம் பல் டாக்டரைப் பார்க்க என்று தாய்ஜுங் போவது உண்மையில் ருவோஹானைப் பார்க்கத்தான். ஆரம்பத்திலிருந்தே.

பாவ்ஜூவின் முகம் வெளுத்தது. கணவர் சந்தேகப்பட்டபோது உடையாதது அந்த நேரத்தில் உடைந்தது. ஒரே வீட்டில், ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டு... அந்த மழைக்காலத்தில் அவள் சோறு இறங்காமல் தவித்தபோதும் பக்கத்தில் உட்கார்ந்து, உப்பு அதிகம் என்று சொன்னவள் அல்லவா ஆமான்.

மாலைச் சாய்வில் ஆமானும் ருவோஹானும் பேருந்தில் வந்து இறங்கினார்கள். ஆமான் முன்னால் வந்தாள். கொட்டகை வாசலில் அவள் கால் நின்றுவிட்டது.

"பாவ்ஜூ, என்ன நீ அடிச்சாலும் சரி. தம்பிக்குத் தெரிஞ்சா என்ன வெளிய அனுப்பிடுவானோன்னு பயந்தேன். எனக்குன்னு வேற யாரு இருக்கா? அவ ஒவ்வொரு தடவையும் 'அம்மா என்னப் பத்திக் கேக்கறாளா அத்தை'ன்னு கேப்பா. நீ வாயே திறக்கமாட்டே. அதனால 'கேக்கல'ன்னு சொல்லிட்டேன். நீ மனசுக்குள்ள என்ன வச்சிருக்கேன்னு நான் பார்க்கல... பார்க்கணும்னு எனக்குத் தோணவும் இல்ல."

பாவ்ஜூ அவளை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவதற்கு வேண்டிய சொற்கள் எல்லாம் நெஞ்சில் இருந்தன.

"அவ ஒழுங்கா சாப்பிட்டாளா அக்கா?"

ஆமான் விம்மினாள். "சாப்பிட்டா. நான் உக்காந்து சாப்பிட வச்சேன். ஒவ்வொரு தடவையும்."

"அப்போ சரி. மத்தத அப்புறம் பேசிக்கலாம். நிறைய பேச வேண்டியிருக்கு."

ஆமானுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, ருவோஹான் நின்றாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். மெலிந்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் அவள் கால் தயங்கியது. ஜின்தியென் எழுந்தார். எதையோ தேடுவதுபோல அங்குமிங்கும் பார்த்தார். பிறகு தான் உட்கார்ந்திருந்த வாளியையே அவள் பக்கம் நகர்த்தினார்.

"உக்காரு. பஸ்ஸுல நின்னுக்கிட்டா வந்தே?"

"ஆமாப்பா."

"உன் வேலை எனக்குப் பிடிக்காதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்பா. தாத்தாவப் பத்தி நானும் மறக்கல. சில நாள் வரையும்போது கை கூசும். அதுக்கு இன்னும் பதில் கண்டுபிடிக்கல."

"கண்டுபிடி. அவசரமில்ல." அவர் வாளியை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளினார். "அதுவரைக்கும் வெளியவே நிக்கணும்னு இல்ல."

ருவோஹான் அம்மாவின் பக்கம் திரும்பினாள். "நீ பார்க்கவே இல்லன்னு நினைச்சேம்மா. அத்தை சொன்னாங்க, நீ ரொம்ப நாளா..."

"கை நாறும்டி, கிட்ட வராதே" என்று பாவ்ஜூ சொல்லி முடிப்பதற்குள் மகள் மண்டியிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். சிப்பி நீர் சொட்டும் இரண்டு கைகளையும் பாவ்ஜூ எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்திருந்தாள். பிறகு அந்தக் குட்டை முடியிலேயே வைத்தாள். இருவரும் சத்தமில்லாமல் அழுதார்கள்.

இருட்டுவதற்கு முன் கிளம்பவேண்டும் என்று ஹூங் சொன்னான்.

"வா, போகலாம்" என்றார் ஜின்தியென், மனைவியிடம்.

"நாளைக்கு வரேங்க" என்றாள் பாவ்ஜூ. குரலில் கோபம் இல்லை, தயக்கமும் இல்லை. "இன்னைக்கு என் பொண்ணோட இங்கதான் இருப்பேன். நீங்க அக்காவக் கூட்டிட்டுப் போங்க. அவங்கள ஒரு வார்த்தை சொல்லாதீங்க. சொல்ல வேண்டியது இருந்தா அது என் பாடு."

அவளிடமிருந்து அப்படி ஒரு கட்டளை அவர் கேட்டதே இல்லை. "சரி" என்றார்.

ஆமான் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டாள். ஜின்தியென் முன்னால் உட்கார்ந்தார். ஆனால் கதவைச் சாத்தவில்லை. கடல் பக்கமாக முகத்தைத் திருப்பியிருந்தார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. ஹூங் வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைத் துடைப்பதுபோலப் பாவனை செய்தான்.

"அம்மா, அப்பா அழறாரு. போய்ப் பாரேன்" என்றாள் ருவோஹான்.

பாவ்ஜூ எழுந்திருக்கவில்லை. மகளின் தலையை இன்னும் கொஞ்சம் மடியோடு சேர்த்துக்கொண்டாள்.

"அழட்டும் விடு" என்றாள். "அவர் இன்னைக்குத்தான் ஆரம்பிச்சிருக்காரு."